ஆத்தங்கரை அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, நானும் ரெண்டு கூட்டாளிகளும் கயாக் வாங்கியிருக்கோம். தை மாசம் தாமிரபரணியில், திருப்புடைமருதூரில் இறங்கி, திருநெல்வேலி குறுக்குத்துறை வரை துடுப்புப் போட்டு, வழியில் சிக்கிக் கிடக்கும் துணிகளை எடுக்கலாம்னு இருக்கோம். சரிப்படுமா?
– வாசகர், முக்கூடல்

பதில்: தை மாசம்னதுனால பதில் சொல்லுதேன். ஐப்பசி, கார்த்திகைன்னா கடுதாசியைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். வெள்ளம் வந்தா ஆத்துக்குள்ள இருக்க குறுக்குத்துறை முருகனையே மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருதாங்க, நீங்க எம்மாத்திரம்?

வழியில அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லின்னு மூணு அணைக்கட்டு. முப்பது வருசம் அணையில தண்ணி திறந்து விடுத லஸ்கரா இருந்து ஷட்டர் திருகின கை இது. கரையில நிக்கிறவனுக்கு அணை தெரியும். கயாக்குல தாழ உக்காந்திருக்கவனுக்குத் தெரியாது; ஆறு அந்தால முடிஞ்ச மாதிரி ஒரு கோடுதான் தெரியும். இரைச்சல் கேட்டதுமே கரை ஒதுங்கி, படகைத் தோள்ல தூக்கிட்டு நடங்க. ஆள் உயரம்தானே, குதிச்சிரலாம்னு நினைக்காதீங்க. ஒரு தடவை தேங்காய் ஒண்ணு அணை மேல உருண்டு விழுந்துச்சு. நான் வெத்திலை போட்டு, துப்பிட்டு வந்து பாக்கேன், விழுந்த இடத்துலயே உருண்டுக்கிட்டுக் கிடக்கு. கீழ சுருளுற தண்ணி வெளிய விடாது. லைஃப் ஜாக்கெட் போட்டவனையும் விடாது. சேர்ந்த மணலை வெளிய தள்ளத் திறக்குற மணல்போக்கி ஷட்டர் பக்கம் தலையே காட்டாதீங்க. முந்தின நாளே அங்க இருக்க லஸ்கர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க.

திருப்புடைமருதூர்ல கூடு கட்டுற மரத்தடிப் பக்கம் போகாம, நடு ஆத்துல சத்தமில்லாமப் போங்க. 2005லயே பறவைகளுக்குன்னு ஒதுக்கின இடம் அது.

இனி துணி. மேக்க, ஆத்தோட மேல்பக்கம் இருக்க பாவநாசத்துல பரிகாரம்னு அவுத்து விடுத வேட்டி, சேலை எல்லாம் மருத மர வேருல வந்து சுத்திக்கிடும். பருத்தி மக்கிரும், பாலியஸ்டர் சேலை மண்ணைப் பிடிச்சு, வேரோட வேரா இறுகிப் போயிரும். படகுல இருந்தபடி இழுத்தா சேலை வராது, நீங்கதான் தண்ணிக்குள்ள போவீங்க. ஆழம் பாத்து இறங்கி, வேர்ல படாம அரிவாளால துண்டு துண்டா அறுங்க. எடுத்ததைக் கரையில குவிச்சுட்டு வந்துராதீங்க, அடுத்த தண்ணியில திரும்ப ஆத்துக்குள்ளதான் கிடக்கும். பஞ்சாயத்து குப்பை வண்டி வரைக்கும் கொண்டு சேருங்க.

அரிவாளுக்கு ஒரு கயிறு கட்டிக்கிடுங்க. என்னோடது ரெண்டு பழவூர் மடுவுல கிடக்கு.