வாசகர் கேள்வி பதில்: மட்டமான படத்துக்கு அழலாமா?

கேள்வி: மதுரையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். கதாநாயகியும் நர்ஸ்தான் என்று தோழி சொன்னதால், 1973இல் வெளிவந்த ‘காஃபி’ என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தேன். நிர்வாணமும் ரத்தமுமாக ஓடிய அந்தப் படத்தில் பாதி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் முடியும்போது கண் கலங்கிவிட்டது. என் ரசனையில் கோளாறா?

பதில்: கோளாறு ஒன்றுமில்லை, சகோதரி. எக்ஸ்பிளாய்டேஷன் என்று ஆங்கிலத்தில் பெயர் பெற்ற இவ்வகைப் படங்கள், சுவரொட்டியைப் பார்த்தே கூட்டம் சேர வேண்டும் என்பதற்காகக் குறைந்த செலவில் அவசரமாக எடுக்கப்பட்டவை. ‘கிளியோபாட்ரா ஜோன்ஸ்’ என்ற படம் கைநழுவிப் போனதால், அதை முந்திக்கொண்டு திரைக்கு வர வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் இயக்குநர் ஜாக் ஹில்லை முடுக்கியதன் விளைவுதான் ‘காஃபி’. பகலில் வாசகசாலையாகவும் மாலையில் ஆங்கிலப் படக் கொட்டகையாகவும் இருந்த நம் மதுரை ரீகல் தியேட்டருக்குப் போய்ப் பழகியவர்களுக்கு, சுவரொட்டி ஒன்று சொல்ல, திரை வேறொன்று காட்டுவது புதிதல்ல.

கதாநாயகி கூந்தலுக்குள் பிளேடுகளை மறைத்துவைத்து, முடியைப் பிடித்து இழுப்பவளின் கையைக் கிழியவைக்கும் காட்சியை நானும் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை. அதே சண்டையில் பெண்களின் உடைகள் கிழிவதோ முழுக்க வசூலுக்காகச் செய்தது. ஆனால் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். தங்கையைப் போதைக்கு அடிமையாக்கியவர்களைத் தேடிப் போய்ச் சுட்டுக் கொன்றவள், அடுத்த ஆளைத் தேடி ஓடாமல் டியூட்டிக்குப் போகிறாள்; அறுவைசிகிச்சை அறையில் நிலைகொள்ளாமல் தடுமாறும் அவளை மருத்துவர் வெளியே அனுப்பிவிடுகிறார். கொலை செய்த கை மறுபடியும் வேலைக்கு வணங்க மறுப்பதை, பெரிய செலவில் எடுத்த பழிவாங்கும் படங்களில்கூட நான் அதிகம் கண்டதில்லை. கதாநாயகியாக நடித்த பாம் கிரியர் அந்தப் படபடப்பைக் கடைசிவரை கைவிடவில்லை. காதலனான அரசியல்வாதியின் பசப்பு வார்த்தைக்கு ஏறக்குறைய மயங்கி, உள்ளறையிலிருந்து இன்னொருத்தி வந்து நிற்கவும் அவனைச் சுட்டுவிட்டு, கடற்கரையில் தனியே நடந்து போகும்போது அவளிடம் வென்றவளின் மிடுக்கே இல்லை. உங்கள் கண் கலங்கியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்குக் காட்டலாமா?

பதில்: வேண்டாம். கதையை நீங்களே சொல்லுங்கள். அறுவைசிகிச்சை அறைக் காட்சியை என்னைவிட நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள்.