கேள்வி–பதில்: குடலிறக்கத்துக்கு எந்தக் குறியீடு?

கேள்வி: மருத்துவக் குறிப்புகளில் உள்ள நோய்களுக்குக் குறியீடு இடும் மெடிக்கல் கோடிங் பயின்று வருகிறேன். அமெரிக்க மருத்துவக் குறிப்பு ஒன்றில் ‘இடப்பக்க இன்கார்சரேட்டட் இங்குவினல் ஹெர்னியா, ரெகரன்ட்’ (உள்ளே தள்ள முடியாமல் சிக்கிக்கொண்ட, திரும்ப வந்த இடப்பக்க அரையிடுக்குக் குடலிறக்கம்) என்று இருந்தது. இதற்குக் கே40.91 என்று சிலரும் கே40.31 என்று சிலரும் வகுப்பில் வாதிட்டார்கள். எது சரி? இடப்பக்கம் என்பது ஏன் இரண்டிலுமே இல்லை?
– வாசகி, சென்னை

பதில்: கே40.31 என்பதே சரி. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்னும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில், நேரடி வகையோ மறைமுக வகையோ, விதைப்பை வரை இறங்கியதோ, அரையிடுக்குக் குடலிறக்கம் எல்லாமே கே40இல் அடங்கும். புள்ளிக்கு அடுத்த எண், ஒரு பக்கமா இரு பக்கமா, அடைப்பு உண்டா, திசு அழுகல் உண்டா என்பவற்றைச் சேர்த்தே சொல்லிவிடும். உள்ளே தள்ள முடியாமல் சிக்கிக்கொண்டதையும் நெரிபட்டதையும், அழுகல் குறிப்பிடப்படாத வரையில், அடைப்புடன் கூடியதாகவே தொகுப்பு கொள்கிறது, கே40.3இன் கீழே ‘இன்கார்சரேட்டட்’ என்ற சொல்லே இருப்பதைப் பாருங்கள். ஆகவே, அடைப்பு என்று மருத்துவர் தனியே எழுதியிருக்க வேண்டியதில்லை. அவசர அறுவை தேவைப்படக்கூடிய ஒரு நிலையைக் கே40.91 என்று எழுதினால், சிக்கலற்ற குடலிறக்கமாக அது பதிவாகிவிடும். நோயாளிக்கு நேர்ந்ததன் கடுமை ஆவணத்திலிருந்தே மறைந்துபோகும்.

ஒரு பக்கக் குடலிறக்கத்தில் அடைப்பும் அழுகலும் சேர்ந்திருந்தால் அழுகலுக்குரிய கே40.4 மட்டுமே. ஆனால் அறுவைக் குறிப்பில் ‘குடல் கறுத்திருந்தது’ என்று மட்டும் இருந்தால், அதை அழுகல் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு, அவர் எழுதித் தந்த பிறகே குறியிட வேண்டும்.

கடைசி எண்ணான 1, முன்பு சரிசெய்த இடத்திலேயே குடலிறக்கம் திரும்ப வந்ததைக் குறிக்கும். அவ்வாறு சொல்லப்படாவிட்டால் 0. முன்பு வலப்பக்கம் அறுவை செய்துகொண்டவருக்கு இப்போது இடப்பக்கம் வந்திருந்தால் அது புதியதே. பழைய அறுவை எந்தப் பக்கம் நடந்தது என்பது பெரும்பாலும் முந்தைய நோய் வரலாற்றில்தான் கிடைக்கும் என்பதால், தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் குறியிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இடம், வலம் என்ற பிரிவு கே40இல் இல்லை. ஒரு பக்கம், இரு பக்கம் என்பதே பிரிவு. இருபுறமும் சிக்கலின்றி இருந்தால் கே40.90ஐ இரண்டு முறை எழுதாமல் கே40.20 என்று ஒருமுறை எழுதுங்கள். தொடைக் குடலிறக்கம் அரையிடுக்குக்கு அருகிலேயே தோன்றினாலும் அது கே41ஐச் சேர்ந்தது.