டாக்டர் ஹூங்கிற பிரிட்டிஷ் சயின்ஸ் பிக்‌ஷன் டிவி சீரியல்ல வர்ற கே-9ங்கிற ரோபோ நாய், நிஜ ரோபோவா?

ரோபோ எல்லாம் இல்லைங்க. ஷூட்டிங்குக்காக செஞ்ச பொம்மை (பிராப்), ரிமோட் கார் மேல நாய் கூடு மாட்டின மாதிரின்னு வெச்சுக்கோங்க. 1977-ல பிபிசி இதை இறக்கினப்போ பெரிய தலைவலி என்னன்னா, ரிமோட்டோட ரேடியோ அலையும் கேமரா சிக்னலும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு, அந்தக் காலத்துல டிவி ஓடும்போது பக்கத்துல மிக்சி போட்டா திரை பூரா கோடு கோடா வருமே, கிட்டத்தட்ட அதே கதைதான். மோட்டார் சத்தம் வேற. சக்கரமும் குட்டி, மேடு பள்ளம்னா அசையாது, கயிறு கட்டி இழுத்த ஷாட்டும் உண்டு, பாவம்.

பேசுறதும் அந்த பொம்மைதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா பெரும்பாலும் அது ஜான் லீசன்ங்கிற நடிகர் குரல், ஒத்திகையில பொம்மைக்குப் பதிலா அவரே தரையில தவழ்ந்திருக்காரு.