கனடாவா, சென்னையா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அறுபதைத் தாண்டிய அப்பா அம்மா, கையில் கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (பிஆர்), சென்னையிலும் ஒரு வேலை. எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளக் கணக்கை அப்புறம் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு யார் வண்டி எடுப்பார்கள்? தூரம் 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அங்கே சீட்டுப் போட, மருந்து வாங்க ஓட, கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அக்காவோ சித்தப்பா பையனோ உள்ளூரில் இருந்தால் தாராளமாகக் கிளம்புங்கள். "அக்கம்பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள்" என்பதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

பிஆர் போய்விடுமோ என்ற பயம் பாதி தேவையில்லாதது. 5 ஆண்டுகளில் 730 நாள் அங்கே இருந்தால் போதும். நடுவில் ஊருக்கு வந்து தங்க இடமுண்டு. பெற்றோரையும், அவர்கள் நீண்ட நாள் வந்து தங்கத் தரும் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் 5 ஆண்டு வரை கூடவே வைத்துக்கொள்ளலாம். மருத்துவக் காப்பீடு கட்டாயம், செலவு கொஞ்சம் கடிக்கும். (தினமும் சாயங்காலம் சில்வர் பீச்சில் நடக்கிறவர் ஜனவரிப் பனியில் வீட்டுக்குள் எத்தனை நாள் அடைந்து கிடப்பார் என்பது வேறு விஷயம்.)

உள்ளூரில் ஆள் இல்லையென்றால், நானாக இருந்தால் இப்போதைக்குச் சென்னைதான். அதற்கு முன் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பா எதிரில் கேட்டால் "நீ போய்ட்டு வா" என்றுதான் சொல்வார்.