பொட்டை அடைத்த மதில்

அன்புள்ள அக்கா,

வணக்கம். ஒரு சிறுகதை எழுதிச் சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினேன். 1990இல் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்ட அப்பம்மா, 2017இல் ராணுவத்திடமிருந்து காணி விடுபட்டதும் போய்ப் பார்க்கிறார். வீடு இல்லை, எல்லை தெரியவில்லை, பற்றைக்குள் கிணறு மட்டும் கிடக்கிறது. கிணற்றுக்கட்டில் இருந்து அழுகிறார். கதை முடிகிறது. 'உருக்கமாக இருக்கிறது, ஆனால் கதையில் ஒன்றும் நடக்கவில்லை' என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இருபத்தேழு வருஷ இடப்பெயர்வை விடப் பெரிய மாற்றம் என்ன இருக்கிறது? இன்னும் என்ன நடக்கவேண்டும்?

ஒரு வாசகன், மானிப்பாய்

அன்புள்ள தம்பி,

நீங்கள் இணைத்திருந்த கதையை இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் கிணற்றுக்கட்டு மனதில் நிற்கிறது. ஆனாலும் ஆசிரியர் சொன்னது சரி என்றே எனக்கும் படுகிறது.

காணி விடுபட்டது மயிலிட்டியில் எத்தனையோ குடும்பங்களுக்கு நடந்தது. உங்கள் அப்பம்மாவுக்கு மட்டும் அது என்ன சிக்கலைக் கொண்டுவந்தது? கதையில் அது இல்லை.

எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து வளவுக்கும் எங்களுக்கும் நடுவே கிடுகு வேலி. ஒருமுறை வேலி அடைத்தபோது கதியாலை நாலு விரல் தள்ளி நட்டுவிட்டார்கள் என்று அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு ஐயாவுக்கும் சண்டை. உறுதியைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குப் போனார்கள். அதோடு பேச்சில்லை. ஆனால் கிணற்றடிப் பக்கம் வேலியின் அடியில் நாய் போய்வருகிற பொட்டு ஒன்று இருந்தது. அப்பா கந்தோருக்குப் போனதும் அம்மா அதற்குள்ளால் ஒரு கிண்ணத்தை நீட்டுவார். அந்தப் பக்கத்தில் ஒரு கை வாங்கும். பின்னேரம் கிண்ணம் கழுவித் திரும்பி வரும். வெறுமையாக வராது, இரண்டு முருங்கைக்காயோ ஒரு பிடி புழுக்கொடியலோ இருக்கும். பத்து வருஷம் இப்படியே போனது.

பிறகு அந்த வீட்டு மகன் ஜேர்மனியிலிருந்து காசு அனுப்பினார். வேலி போய் ஆறடி மதில் வந்தது. ஊரில் அது ஒரு செய்தியே இல்லை, ஒழுங்கைக்கு ஒரு மதில் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஆனால் இனிக் கிண்ணம் போகவேண்டுமென்றால் அம்மா படலையைத் திறந்து, ஒழுங்கையால் நடந்து, அவர்களின் கேற்றைத் தட்டவேண்டும். ஊர் பார்க்க, அப்பா பார்க்க. அந்த முதல் கிழமையில் ஒருநாள், கறியைக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு அம்மா குசினி வாசலில் நின்ற நிலை எனக்கு இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. கறி ஆறிக்கொண்டிருந்தது.

கதைக்கு வேண்டிய மாற்றம் என்று நான் நினைப்பது அந்த மதிலைத்தான். முடிவெடுக்காமல் காலத்தை ஓட்டுவதற்கு எல்லாரிடமும் ஒரு பொட்டு இருக்கும். வருகிற மாற்றம் அதை அடைக்கவேண்டும்.

சரி, அப்பம்மாவின் பொட்டு எது? சொல்லவே மனம் கூசுகிறது, ஆனால் பூட்டிக் கிடந்த அந்தக் காணியேதான் என்று தோன்றுகிறது. கோணப்புலம் முகாமில் இருக்கிற மகளிடம், 'காணி விட்டால் உனக்குத்தான் சீதனம்' என்று சொல்லியிருப்பார். கனடாவில் இருக்கிற மகனிடம் போனில், 'கொப்பற்றை காணி, உனக்கில்லாமல் ஆருக்கு' என்றிருப்பார். சொன்ன நேரத்தில் இரண்டுமே உண்மை. காணிக்குள் யாரும் போகமுடியாத வரைக்கும் அது எல்லாருக்கும் பொதுவான ஏக்கம். விடுபட்ட அன்றைக்கு அது பங்கு. வீட்டுத்திட்டத்துக்குப் பதிய விதானையார் வந்து, "ஆற்றை பேரில பதியிறது, அம்மா?" என்று கேட்கிறார். அப்பம்மா என்ன சொல்வார்?

மகனைக் கெட்டவனாக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. அப்பம்மாவின் மருந்துச் செலவு அவன் அனுப்பிய காசு. ஆஸ்பத்திரியில் இரவிரவாகக் கூட இருந்தவள் மகள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தால்தான் அந்தக் கேள்வி கனக்கும். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையையும் ஒருக்கால் புரட்டுங்கள். சீதனத்துக்கு அதில் இருக்கிற இடம், பங்கை விற்பதென்றால் மற்றப் பங்காளிக்கு முதலில் சொல்லவேண்டும் என்கிற வழமை... எங்கள் வீடுகளின் பாதிச் சண்டை அதற்குள் கிடக்கிறது.

இன்னொன்று. 1990, 1995, 2009 மூன்றும் உங்கள் கதையில் ஒன்றரைப் பக்கத்தில் ஓடிவிடுகின்றன. வலிகாமமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நானும் நடந்தேன். அந்த இரவு ஒற்றை வரியாக வந்தபோது எனக்கு வலித்தது. அதை எடுத்துவிடுங்கள். அந்த வருஷங்கள் அப்பம்மாவின் கையில் தெரியட்டும். கரண்ட் வந்து இவ்வளவு காலமாகியும், விளக்குக்கு உதவும் என்று வெறும் ஜாம் போத்தல்களைக் கழுவி அடுக்குகிறவராக அவர் இருக்கலாம்.

கிணற்றை வெட்டவேண்டாம். அப்பம்மா அதற்குக் கிட்டப் போகும்முன் விதானையாரின் கேள்வி வந்துவிடட்டும். மகள் பக்கத்தில் நிற்கட்டும், மகன் போனில் இருக்கட்டும்.

அம்மா அன்றைக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கறியைத் திரும்பச் சூடாக்கினார். படலையைத் திறந்துகொண்டு போனார். அப்பா விறாந்தையில்தான் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் அம்மாவோடு கதைக்கவில்லை.

அன்புடன்,
அக்கா