நியாலும் நான்கு அண்ணன் தம்பிகளும்: கேள்வி பதில்

அயர்லாந்தின் பழங்கதையில், மன்னனின் மூத்தாள் பிள்ளைகள் நாலு பேர் இருக்க, இளையாள் மகன் நியாலுக்கு எப்படித் தாராவின் (அயர்லாந்தின் தலைமை அரச பீடம்) பட்டம் கிடைத்தது?

பழைய அயர்லாந்தில் மூத்தவனுக்கே பட்டம் என்ற கட்டாயம் இல்லை. அரச வம்சத்தில் தகுதியுள்ள ஆண் யாரும் உரிமை கேட்கலாம். பகை மூள அது போதாதா? மூத்தாள் மோங்ஃபின், நிறைமாதக் கர்ப்பிணியான சக்களத்தி கைரெனைக் கிணற்றில் நீர் இறைக்க வைத்தாள். நியால் அங்கேயே பிறந்தான். பயந்து யாரும் தொடாத குழந்தையை டோர்னா என்ற புலவர்தான் எடுத்து வளர்த்தார்.

கொல்லன் வைத்த சோதனை என்ன?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஐவரும் உள்ளே இருக்கும்போதே கொல்லன் உலைக்களத்துக்குத் தீ வைத்துவிடுகிறான். பிரையன் சம்மட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். ஃபியக்ரா கையில் துருத்தியும் ஒரு வாளி பீரும். அலில் ஆயுதங்களைக் கொண்டுவருகிறான். ஃபெர்கஸ் கொண்டுவந்தது ஒரு விறகுக்கட்டு. நியால் மட்டும் பட்டடைக் கல்லையே பெயர்த்துக்கொண்டு வருகிறான். பட்டடை இல்லாமல் உலைக்களம் ஏது?

கிணற்றடிக் கிழவி யார்?

வேட்டையில் தாகம் எடுத்து ஒவ்வொருவராகக் கிணற்றுக்குப் போகிறார்கள். காவலுக்கு நிற்கும் அருவருப்பான கிழவி, முத்தம் கொடுத்தால்தான் தண்ணீர் என்கிறாள். மூவர் மறுத்துவிட, ஃபியக்ரா பட்டும் படாமல் ஒன்று கொடுக்கிறான். நியாலோ மனதாரத் தழுவிக்கொள்கிறான். உடனே கிழவி பேரழகியாகி, அரசுரிமையின் உருவமே தான்தான் என்கிறாள். ஃபியக்ராவின் அந்த அரை முத்தத்துக்கும் கூலி உண்டு: அவன் வழியில் இரண்டே பேர் தாராவை ஆள்வார்கள்.

இதெல்லாம் நடந்ததா?

நியால் 5ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பார்கள். கதையைக் கவிதையாகப் பாடிய குவான் இறந்ததோ 1024இல். நியால் வழிவந்த ஊ நேய்ல் மரபின் மன்னர் மேல் ஷெக்னல், 1002இல் வேறு மரபின் மன்னர் பிரையன் போருவிடம் முதன்மையை இழந்து, 1014இல் அவர் இறந்தபின் மீட்ட காலம் அது. ‘பட்டம் எங்களுக்கே’ என்ற வழக்கில் இந்தக் கதை ஒரு சாட்சி என்றே நான் வாசிக்கிறேன். இந்தப் பிரையன் வேறு, கதையில் வரும் பிரையன் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அயர்லாந்துக்காரர்கள் பலர் நியாலின் வாரிசுகளாமே?

2006இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், வடமேற்கு அயர்லாந்தில் ஏறக்குறைய ஐந்தில் ஓர் ஆணிடம் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமில் ஒரே வகையைக் கண்டார்கள். நியாலின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த வகை அவருக்கும் முந்தையது என்றே பிந்தைய கணக்குகள் சொல்கின்றன.