விழுங்கிய ஒளியும் விட்ட ஒளியும்: நிறம் பற்றிய கேள்வி பதில்

டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். எந்தப் பொருளின் மீது ஒளி விழுந்தாலும் ஒரு பகுதி திரும்பி வரும், ஒரு பகுதி ஊடுருவிச் செல்லும், எஞ்சியது உள்ளேயே உட்கவரப்படும். ஒரு நிறத்தைக் கண்டால் மற்ற நிறங்கள் எங்கே போயின என்று கேட்டுப் பழகுங்கள். பாதி விடை அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும்.

கும்பகோணம் வாசகி: பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக அரக்கு நிற ரவிக்கைத் துணி எடுத்தேன். கடையில் இரண்டும் ஒரே நிறமாக இருந்தன. வீட்டு வாசலில் வெயிலில் பார்த்தால் துணி தனியாகத் தெரிகிறது. சாயம் மட்டமானதா?

சாயத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை, அம்மா. துணி தன்னிடம் வந்த ஒளியில் சிலவற்றை உட்கவர்ந்து மீதியைத்தான் திருப்பித் தருகிறது. விளக்கில் இல்லாத நிறத்தை அதனால் தர இயலாது. வெயிலில் ஊதா முதல் சிவப்பு வரை எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக உண்டு. வெள்ளை எல்இடி விளக்கிலோ 450 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு; ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அலைநீளம் உண்டு) அருகே நீலம் ஓங்கியிருக்கும், அதையடுத்து அகன்ற மஞ்சள் பகுதி வரும், ஆழ்ந்த சிவப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். பட்டுக்கும் ரவிக்கைத் துணிக்கும் வெவ்வேறு சாயம் ஏற்றியிருப்பார்கள். அவை உட்கவரும் நிறங்கள் வேறுபட்டாலும், கடை விளக்கின் கீழ் இரண்டும் கண்ணுக்கு ஒரே உணர்வைத் தரக்கூடும். சிவப்பு நிறைந்த வெயிலில் அந்த வேறுபாடு வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே துணியைக் கடை வாசலுக்கு எடுத்துச் சென்று பார்க்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம் முற்றிலும் சரியானது.

மன்னார்குடி விவசாயி: சம்பாப் பயிருக்கு யூரியா இடும் முன் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இலையை நம் உடம்பின் நிழலில் வைத்துப் பார் என்பது ஏன்?

மிக நல்ல கேள்வி. நெல் இலையிலுள்ள பச்சையம் 430 முதல் 450 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியையும், 640 முதல் 680 வரையுள்ள சிவப்பு ஒளியையும் வலுவாக உட்கவர்கிறது. இடைப்பட்ட பச்சையில் ஒரு பகுதி மட்டும் தப்பி நம் கண்ணுக்கு வருகிறது. தழைச்சத்து குறைந்தால் பச்சையம் குறையும்; அப்போது சிவப்பும் கூடுதலாகத் திரும்பி வருவதால், பச்சையும் சிவப்பும் சேர்ந்து இலை மஞ்சள் சாயலாகத் தெரியும். தழைச்சத்து மிகுந்தால் பச்சை ஒளியிலும் பெரும்பங்கு உள்ளேயே தங்கிவிடும், இலை கரும்பச்சையாகும். அட்டையில் வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசைப்படுத்தப்பட்ட பட்டைகள் இந்த அளவையே காட்டுகின்றன.

நேரடி வெயிலில் வேறொன்று குறுக்கிடுகிறது. இலையின் மேற்பரப்பிலுள்ள மெழுகுப் படலம், ஒளி பச்சையத்தைத் தொடும் முன்பே ஒரு பகுதியை வெள்ளையாகவே திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பளபளப்பு இலையின் நிறத்தோடு கலந்து உண்மைக்கு மாறாக வெளுப்பாகக் காட்டும். அதனால்தான் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, முழுதும் விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். நோயற்ற 10 இலைகளையாவது, ஒரே ஆள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் பாருங்கள்.

வேதாரண்யம் வாசகர்: உப்பளத்தில் எடுக்கும் பெரிய கல் கண்ணாடிபோல இருக்கிறது. குவித்தால் வெள்ளையாகிறது. வெண்மை எங்கிருந்து வருகிறது?

உப்புக்குத் தனி வெண்மை கிடையாது. கண்ணுக்குத் தெரியும் எந்த நிறத்தையும் அது உட்கவர்வதில்லை. காற்றும் உப்பும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும், நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு திரும்பும். குவியலில் இத்தகைய பரப்புகள் எண்ணற்றவை. ஆகவே எல்லா நிறங்களும் சமமாகச் சிதறி வெளியே வந்துவிடுகின்றன. அதே குவியல் நனைந்தால் இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் நிரம்பும். நீருக்கும் உப்புக்கும் இடையே திரும்புவது சுமார் அரை விழுக்காடுதான். ஒளி ஆழமாக உள்ளே சென்றுவிடுவதால் குவியல் மங்குகிறது. நனைந்த வேட்டியும் நீர் பாய்ச்சிய வயல் மண்ணும் கருத்துத் தெரிவது ஏறக்குறைய இதே காரணத்தால்தான்.

தஞ்சாவூர் ஓவியப் பயிற்சி மாணவி: தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரியும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், மகளே, ஆனால் ரேக்கு 0.1 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெல்லியதாக இருக்க வேண்டும். தங்கம் சிவப்பையும் மஞ்சளையும் வலுவாக எதிரொளிக்கிறது, நீலத்தையும் ஊதாவையும் பெரிதும் உட்கவர்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பச்சையும் நீலப்பச்சையுமே சிறிதளவு ஊடுருவி மறுபக்கம் வருகின்றன. ஒரே பொருள் முன்பக்கம் பொன்னாகவும் பின்பக்கம் பச்சையாகவும் தெரிவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

திருவையாறு மாணவர்: வாய்க்காலில் வரும் புதுத்தண்ணீர் செம்மண் நிறம், நாகப்பட்டினத்துக் கடல் நீலம். தண்ணீரின் உண்மையான நிறம் எது, சார்?

தூய நீருக்கு மிக மெல்லிய நீல நிறம் உண்டு, தம்பி. அது சிவப்பைச் சற்றே உட்கவர்கிறது. ஒரு குவளையில் அது தெரியாது, சில மீட்டர் ஆழத்தில் தெரியும். புதுத்தண்ணீரில் மிதக்கும் வண்டலில் உள்ள இரும்பு ஆக்சைடுகள் நீலத்தை விழுங்கிவிடுவதால், சிவப்பும் மஞ்சளுமே சிதறி மேலே வருகின்றன.

கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சர் சி. வி. ராமன், 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை நிக்கோல் பட்டகத்தால் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகத்தால்) நீக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். நீலம் குறையவில்லை, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று அவர் விளக்கினார். அந்த ஆராய்ச்சி வழியே 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவும் (மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் அலைநீளம் மாறுவது), 1930இல் நோபல் பரிசும் வந்தன. வான ஒளியின் பிரதிபலிப்புக்கும் கடலின் தோற்றத்தில் பங்கு உண்டு என்பதை மறந்துவிடாதே. மேகம் மூடிய நாளில் நாகப்பட்டினத்துக் கடற்கரைக்குச் சென்றால் அந்தப் பங்கு எவ்வளவு என்று நீயே பார்த்துக்கொள்ளலாம்.